அம்மா ஏறாத வேன்

நடந்தவை, வரிசைப்படி:

1. என் அலுவலக நண்பர்கள் நால்வர் ஈஸ்டர் விடுமுறைக்கு என்னோடு இலங்கைக்கு வர ஆசைப்பட்டார்கள்.
2. கண்டியில் தொடங்கிக் கண்டியிலேயே முடியும் ஐந்து நாள் வேன் பயணத்துக்கு நான் திட்டம் போட்டேன். வழியெல்லாம் மலைநடை.
3. அதைச் சுருக்கித் தமிழில் எழுதி, புசல்லாவையில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்பினேன்.
4. அம்மா விரதம் தொடங்கினார்.
5. எதற்கான விரதம் என்பது எனக்கு உடனே விளங்கிவிட்டது. நான் ஒன்றும் சொல்லவில்லை.
6. பயணத்தின் மூன்றாம் நாள் மதியம், புசல்லாவை பஸ் தரிப்பிடத்தில், வெள்ளைச் சேலை கட்டி, கையில் பையோடு அம்மா நின்றுகொண்டிருந்தார்.
7. வேனில் இடம் இருந்தது.

எதையும் பட்டியலாக எழுதினால் எனக்குப் பாதி தெளிந்துவிடும். இந்த ஏழு வரிகளையும் எழுதிய பிறகும் தெளியவில்லை. அதனால் பந்தி பந்தியாக எழுதிப் பார்க்கிறேன்.

நான் இருப்பது நோர்வேயில், பேர்கன் நகரத்தில். எங்கள் அடுக்குமாடியின் படிக்கட்டில் நான்கு வருடங்களாக என் எதிரே வரும் ஒரு மனிதர் ஒருநாளும் என்னைப் பார்த்துத் தலையசைத்ததில்லை. அவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை நகரத்துக்குப் பின்னால் இருக்கும் மலைப்பாதையில் கண்டேன். முகமெல்லாம் சிரிப்பாக "ஹை, ஹை!" என்றார். என் சப்பாத்து நல்லதென்றார், மேலே காற்று அதிகம் என்று எச்சரித்தார். மறுநாள் காலை படிக்கட்டில் பழையபடி சுவரைப் பார்த்துக்கொண்டு இறங்கிப் போனார். எனக்கு ஏதோ குறை என்று நினைத்து அலுவலகத்தில் கேட்டேன். "அது மலை. அங்கே எல்லோரும் வணக்கம் சொல்லவேண்டும்" என்றார் ஹில்டே. ஹில்டே என் பக்கத்து மேசைக்காரி, எனக்கு அங்கே கிடைத்த முதல் தோழி. காரியம் ஒன்றும் இல்லாமல் மலையில் நடப்பதற்கு அவர்கள் 'தூர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை வந்தால் "நாளைக்கு எங்கே தூர்?" என்பதுதான் பேச்சு. போகாதவர்கள் நோயாளிகள், அல்லது என்னைப் போலப் புதிதாக வந்தவர்கள்.

நான் பிறந்த தேயிலைத் தோட்டத்தில் மலைகளுக்குப் பெயர் கிடையாது, நம்பர்தான். ஏழாம் நம்பர் மலை, பன்னிரண்டாம் நம்பர் மலை. காலைப் பிரட்டில், ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடும்போது, இன்றைக்கு எந்த நம்பர் என்று சொல்வார்கள்; பெண்கள் இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக்கொண்டு ஏறுவார்கள். அம்மா இன்றைக்கும் ஏறுகிறார். நிறுத்துங்கள் என்றால், "கை சும்மா இருந்தா வீங்குது புள்ள" என்பார். அங்கே யாரும் அழகு பார்க்க ஏறியதில்லை. வேலை இல்லாமல் ஏறும் மலை ஒன்றே ஒன்றுதான்: சிவனொளிபாத மலை. மார்கழியில் பருவம் திறந்தால், லயம் என்று நாங்கள் சொல்லும் வரிசை வீடுகளிலிருந்து, லயத்துக்கு லயம் பஸ் பிடித்துப் போவார்கள். போகிறவர் வாரக்கணக்கில் கவிச்சி தொடமாட்டார். போகமுடியாத வீட்டார் தங்கள் பங்குக்குக் கற்பூரமும், மலையில் சாத்துவதற்கு ஊசியும் நூலும் கொடுத்தனுப்புவார்கள். ஒருவர் ஏறினால் அவரோடு பல வீடுகள் ஏறுகின்றன.

நான் படிப்பதற்கு நோர்வே போக அனுமதி கேட்டு, அது வராமல் இழுபட்ட நாட்களில் அம்மா மஞ்சள் துணியில் ஒரு நாணயத்தை முடிந்து சாமிப்பட ஆணியில் மாட்டினார். "எம்புள்ள போய் நல்லபடியா காலூண்டிட்டா நாங்க ரெண்டு பேரும் வந்து ஏறுறோம்" என்று உரக்கச் சொன்னார், எனக்கும் கேட்கவேண்டும் என்பதற்காக. அப்பா இறந்த பிறகு எங்கள் வீட்டில் ரெண்டு பேர்தான். அனுமதி வந்தது. படிப்பு முடிந்தது, வேலை கிடைத்தது. இடையில் ஒரேயொரு முறை ஊருக்கு வந்தேன், ஓகஸ்ட் மாதம், பருவம் மூடிய பிறகு. அம்மா முடிச்சைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தூசி படாமல் அதன்மேல் ஒரு பொலித்தீன் பை கட்டியிருந்தார்.

எனது தொழில், மலைச்சரிவுகளை அளந்து எது எப்போது சரியும் என்று சொல்வது. அதனால் பயணத் திட்டம் போடுவது எனக்குக் கைவந்த காரியம். நாள், புறப்படும் நேரம், தூரம், ஏற்றம், மழை பெய்தால் மாற்று, கழிப்பறை இருக்கும் இடம் என்று கட்டங்கள் போட்டேன். முதல் நாள் கண்டி, ஹந்தானை. இரண்டாம் நாள் நக்கிள்ஸ். மூன்றாம் நாள் கம்பளை, புசல்லாவை வழியாக நுவரெலியா. நான்காம் நாள் ஹோர்ட்டன் சமவெளி. ஐந்தாம் நாள் அதே வழியில் திரும்புதல். மூன்றாம் நாளின் நடுவே ஒரு சாம்பல் நிறக் கட்டம் இருந்தது. இடைநிறுத்தங்களுக்கு நான் கொடுக்கும் நிறம் அது. உள்ளே எழுதியிருந்தேன்: 'புசல்லாவை, 45 நிமிடம், தேநீர்.' அம்மாவைப் பார்ப்பதற்கு நான் ஒதுக்கியது அவ்வளவுதான்.

அம்மாவுக்கு அனுப்பிய சுருக்கம் இப்படி: "அம்மா, பங்குனி கடைசியில் ஐந்து நாள் மலை ஏற வருகிறோம். நடக்கும் தூரம் பத்துக் கிலோமீட்டர் வரும். வேன் பிடித்திருக்கிறேன். மூன்றாம் நாள் மதியம் கடைத்தெருவில் வந்து நில்லுங்கள். லயம்வரைக்கும் வேன் ஏறாது." இதைத் தோட்டத்தில் யாரிடம் காட்டினாலும் ஒரே அர்த்தம்தான் சொல்வார்கள். பருவகாலம், மலை, வேன், வந்து நில்லுங்கள். ஒரு மகள் இதைவிடத் தெளிவாக எப்படி அழைப்பாள்?

இரண்டு நாள் கழித்துக் கைத்தொலைபேசியில் அம்மாவின் முகம் வந்தது.

"கருவாட நிறுத்திட்டேன் புள்ள. இந்தப் பக்கத்து வூட்டு மல்லிகா பாரு, நேத்தெல்லாம் இல்லாம இன்னைக்குன்னு நெத்திலி பொரிக்கிறா. வேணும்னே செய்யிறா."

"ஏம்மா நிறுத்துனீங்க?"

"ஏனா? வாய நாறடிச்சுக்கிட்டா மலைக்குப் போறது? ஒன்னோட வர்ற வெள்ளக்காரவங்ககிட்டயும் சொல்லிவை. பாவம், அவங்களுக்குத் தெரியாது. அப்புறம், எதுக்கு அதுல தூரமெல்லாம் எழுதியிருக்க? எவ்வளவு தூரம்னு கேட்டு ஏறுனா கால் புடிச்சுக்கும்."

"சரிம்மா, சொல்றேன்" என்றேன்.

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். பத்து வினாடி போதும். அதற்குப் பதிலாக என் வேலைப் பட்டியலில் பதினான்காவதாக எழுதிவைத்தேன்: 'அம்மாவிடம் சொல்ல: அந்த மலை இல்லை.' பட்டியலில் மற்ற வேலைகள் எல்லாம் ஒவ்வொன்றாக முடிந்தன. இது மட்டும் திங்களிலிருந்து செவ்வாய்க்கும், அடுத்த வாரத்துக்கும், அதற்கடுத்த வாரத்துக்கும் நகர்ந்துகொண்டே போனது.

மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். திட்டத்தை மாற்றி ஒரு நாளை அந்த மலைக்குக் கொடுத்திருக்க முடியாதா? முடியும். நண்பர்கள் மகிழ்ந்திருப்பார்கள். காரணம் வேறு. பேர்கனில் வேலைக்குச் சேர்ந்த முதல் குளிர்காலத்தில், மதிய உணவு மேசையில் ஹில்டே கேட்டார்: "உன் அம்மா என்ன செய்கிறார்?" நான், "தேயிலையில் இருக்கிறார்" என்றேன். "ஓ, உங்களுக்குத் தேயிலைப் பண்ணையா? எத்தனை தலைமுறையாக?" ஹில்டேயின் அப்பாவுக்கு ஆட்டுப் பண்ணை இருக்கிறது, அவருடைய குடும்பப் பெயரே அந்தப் பண்ணையின் பெயர்தான். "ஐந்து தலைமுறையாக" என்றேன். அது உண்மை. ஐந்து தலைமுறையாகத் தேயிலையில்தான் இருக்கிறோம். அவர் கண்களில் வந்த மரியாதையைப் பார்த்துக்கொண்டே ரொட்டித் துண்டைத் தின்றேன். பிறகு திருத்தவேயில்லை. அம்மா வேனில் ஏறி இரண்டு நாள் கூட வந்தால் அந்தப் பண்ணை என்னாகும் என்பதுதான் என் பயம்.

கண்டியில் வாவிக்கரைக்கு வேனைக் கொண்டுவந்தவர் கெலிஓயாவைச் சேர்ந்த ஃபாரூக் நானா. ஒன்பது பேர் உட்காரும் வேன், நாங்கள் அவரோடு சேர்த்து ஆறு பேர். நக்கிள்ஸில் அட்டைகளைக் கண்டு நண்பர்கள் அலறியபோது எல்லோருடைய கணுக்காலிலும் ஈரச் சவர்க்காரத்தைத் தேய்த்துவிட்டேன். அட்டை கிட்ட வரவில்லை. "இதை எங்கே படித்தாய்?" என்றார் ஹில்டே. "வீட்டில்" என்றேன். "பண்ணைப் பெண்!" என்று தோளில் தட்டினார். வேனுக்குள் இருந்த நானா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். அவருக்காகப் பயணத்தில் ஆங்கிலத்தில்தான் பேசினோம்; அவருக்கு அது நன்றாகவே விளங்கும்.

மூன்றாம் நாள் மதியம் புசல்லாவைக் கடைத்தெருவுக்குள் வேன் மெதுவாக நுழைந்தது.

"மகள், அந்தா நிக்கிறது உங்கட உம்மா தானே? மொகம் அப்படியே ஈக்கி" என்றார் நானா. 'இருக்கு' என்பது அவர் பேச்சில் 'ஈக்கி'.

கரை வைத்த புது வெள்ளைச் சேலை. தோளில் சுவெட்டர். காலில் பள்ளிப் பிள்ளைகள் போடும் வெள்ளைக் கன்வஸ் சப்பாத்து. அம்மாவை நான் சப்பாத்தோடு பார்த்ததே இல்லை. அது புதிது என்பதும், முழங்காலுக்குப் பயந்து வாங்கியது என்பதும் பார்த்ததுமே விளங்கியது. நண்பர்கள் இறங்கினார்கள். அம்மா கைகூப்பினார். ஹில்டே அந்தக் கைகளைப் பிடித்துக் குலுக்கினார்.

"இவங்க கவிச்சி சாப்பிடலதானே?" என்று அம்மா என்னிடம் கேட்டார்.

"என்ன கேட்கிறார்?" என்றார் ஹில்டே.

"பயணம் சுகமா என்று கேட்கிறார்."

"மிகவும் சுகம் என்று சொல். உங்கள் பண்ணை எந்தப் பக்கம்?"

நான் பொதுவாக மேலே கையைக் காட்டினேன். அம்மாவும் திரும்பிப் பார்த்தார். "ஆமா, அதுதான் எங்க பன்னண்டாம் நம்பரு. சொல்லு அவங்ககிட்ட, நேத்துத்தான் கொழுந்து எடுத்து முடிச்சோம்" என்றார் பெருமையாக. நான் சொல்லவில்லை.

தேநீர்க் கடையில் அரை மணிநேரம் போனது. அம்மா தேத்தண்ணி மட்டும் குடித்தார். நண்பர்கள் எழுந்ததும் தன் பையைத் தூக்கிக்கொண்டு வேனை நோக்கி நடந்தார். நான் முன்னால் போய் நின்றேன்.

"அம்மா, இவங்க அந்த மலைக்குப் போகல. நுவரெலியாவுக்குப் போய், அங்க மேல ஒரு பார்க் இருக்கு, அதுல நடந்துட்டு..."

"பார்க்கா? புள்ளைங்க வெளையாடுற பார்க்கா?"

"இல்லம்மா. காடு மாதிரி."

அம்மா என் முகத்தைப் பார்த்தார், பிறகு வேனைப் பார்த்தார். லொறி ஒன்று வர, பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு ஓரமாக ஒதுங்கினார்.

"அதானே பாத்தேன்" என்றார் பிறகு. "எனக்கும் இன்னைக்குக் கம்பளையில ஒரு வேல இருக்கு. கோயில்ல பூச. அதுக்குத்தான் இந்தப் பையி. நீ முன்னாடி குந்திக்க, வளைவு வளைவா இருக்கும், ஒனக்கு வாந்தி வரும்."

வேன் புறப்பட்டது. "அம்மா நம்மோடு வரவில்லையா?" என்றார் ஹில்டே. "இல்லை. அவருக்குக் கம்பளையில் வேலை இருக்கிறது" என்றேன். அன்று முழுவதும் நான் ஒரு சொல்லும் மாற்றாமல் மொழிபெயர்த்தது அந்தப் பொய்யை மட்டும்தான். கண்ணாடியில் பார்த்தேன். அம்மா தெருவைக் கடந்து, கம்பளைப் பக்கம் போகும் பஸ்ஸுக்கு நிற்கும் இடத்தில் போய் நின்றார்.

"மூணு சீட்டு சும்மா ஈக்கி மகள்" என்றார் நானா.

"தெரியும் நானா."

"இல்ல, சும்மா சொல்றன்."

முதல் வளைவில் ஹோர்ன் அடித்துத் திருப்பினார்.

ஹோர்ட்டன் சமவெளி என் திட்டத்தின் உச்சம். மேகம் ஏறுவதற்கு முன்னால் பள்ளத்தாக்கின் விளிம்புக்குப் போய்விடவேண்டும் என்று நிமிடக் கணக்கில் எழுதியிருந்தேன். அப்படியே போய்ச் சேர்ந்தோம். காற்றில் புல் சாய்ந்து நிமிர்ந்தது. பள்ளத்தாக்கு கீழே, கீழே, இன்னும் கீழே போய்க்கொண்டிருந்தது. ஹில்டே என் பக்கத்தில் அமர்ந்து, "உன் அம்மா எவ்வளவு அழகாக உடுத்தியிருந்தார், எங்களுக்காகவா?" என்று கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். விரதத்தை, முடிச்சை, பண்ணை இல்லை என்பதை, நம்பர் மலைகளை. இத்தனை வருடத்தில் நோர்வீஜிய மொழியில் நான் தொடர்ந்து பேசிய மிக நீண்ட பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

ஹில்டே கோபப்படவில்லை. அவருக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. "வர விருப்பம் என்று அவர் ஏன் கேட்கவில்லை?"

"கேட்கிற வழக்கம் இல்லை. பையோடு வந்து நிற்பதுதான் கேட்பது."

"அது எங்களுக்கு எப்படித் தெரியும்? நாங்கள் உன் திட்டத்தைத்தான் பார்த்தோம். அதில் அவர் பெயர் இல்லையே" என்றார். குற்றம் சாட்டும் தொனி துளியும் இல்லை. ஒரு வரைபடத்தில் விடுபட்ட அளவைச் சுட்டிக்காட்டுவது போலத்தான் சொன்னார். "பண்ணை இல்லாவிட்டால் என்ன? நான் எதற்குக் கவலைப்படப் போகிறேன்?" என்றும் சொன்னார். அந்த ஆறுதல்தான் என்னை மேலும் நசுக்கியது. யாரும் கேட்காத ஒன்றை மறைப்பதற்காக அம்மாவைத் தெருவில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

ஐந்தாம் நாள், திரும்பும் வழியில், "தோட்டத்து ரோட்டுல வேன் ஏறுமா நானா?" என்று கேட்டேன்.

"கொழுந்து லொறி ஏறுற ரோட்டுல வேன் ஏறாதா?" என்றார்.

நண்பர்கள் கீழே தேயிலைத் தொழிற்சாலையைப் பார்க்கப் போனார்கள். நான் லயத்துக்கு நடந்தேன். முதலில் எதிர்ப்பட்டவர் பக்கத்து வீட்டு மல்லிகா அக்கா.

"என்னா தங்கச்சி, நீ அவ்வளவு ஆசையா வேன் கொண்டாந்தும் அம்மாவோட மொழங்கால் இப்புடிக் காலை வாரிருச்சே! ரோட்டுவரைக்கும் போயி, முடியல, நீங்க போங்கன்னுட்டாங்களாம். நாங்க காலையில ஆரத்தி எல்லாம் எடுத்து அனுப்புனோம். திரும்பி வர்றப்ப வெளக்கு வச்சாச்சு. மொழங்கால் வலிக்கிற மனுசி அவ்வளவு நேரம் எங்க குந்தியிருந்தாங்களோ."

அம்மா எங்கே குந்தியிருந்தார் என்று எனக்குத் தெரிந்தது. பஸ் ஏறிக் கம்பளைக்குப் போயிருக்கிறார். ஆரத்தி எடுத்து அனுப்பிய லயத்துக்குப் பட்டப்பகலில் திரும்பி வரமுடியாமல், புதுச் சப்பாத்தோடு, இருட்டும்வரை பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

"ஆமாக்கா, மொழங்கால்தான்" என்றேன். அம்மா எனக்காகச் சொன்ன பொய்யை நானும் பிடித்துக்கொண்டேன்.

அம்மா மலையிலிருந்து அப்போதுதான் இறங்கி வந்து படங்கை அவிழ்த்துக்கொண்டிருந்தார். மேசைமேல் சின்னச் சின்னப் பொட்டலங்களாகக் கற்பூரமும் ஊசி நூலும் இருந்தன. பதினொரு வீட்டார் கொடுத்தவை. ஒவ்வொரு வீடாகத் திருப்பிக்கொடுக்கிற வேலை இன்னும் முடியவில்லை. காலையில் வைத்த கருவாட்டுக் குழம்பு அடுப்பில் சூடேறிக்கொண்டிருந்தது.

"வந்துட்டியா? கைய கழுவு. நேத்து வாங்குனது, நல்ல கட்டாக் கருவாடு."

"அம்மா, வேன்ல எடம் இருந்துச்சு."

"தெரியும். கண்ணாடி வழியா பாத்தேன். மூணு."

"நான்..."

"சாப்பிடு மொதல்ல. ஆறிப்போச்சுன்னா நாறும்."

சாப்பிட்டேன். அம்மா எதிரே அமர்ந்து தானும் சாப்பிட்டார். முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "கூட்டாளிங்க முன்னாடி வெக்கமா இருந்தா இருந்துட்டுப் போகுது. நானும் ஒங்கப்பன மொதல்ல பாத்தப்ப எங்கம்மாவ ஒளிச்சுத்தான் வச்சேன். ஆனா சாமிக்குச் சொன்னது எங்கிட்டச் சொன்ன மாதிரி இல்ல பாரு. அடுத்தவாட்டி தேதிய நீ சொல்லு. நீயும் நானும் ஏறுற தேதி. சொன்னாத்தான் இந்தக் கருவாட நிறுத்துவேன், சும்மா சும்மா நிறுத்திக்கிட்டிருக்க முடியாது."

கீழே நானா ஹோர்ன் அடித்தார்.

பேர்கனுக்குத் திரும்பி இரண்டு மாதமாகிறது. இப்போது நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் மலையில் நடக்கிறேன். எதிர்ப்படுகிறவர்கள் எல்லோருக்கும் "ஹை" சொல்கிறேன், அவர்களும் சொல்கிறார்கள். போன வாரம் உச்சியில் நிற்கும்போது அம்மாவின் அழைப்பு வந்தது. கைத்தொலைபேசியைத் திருப்பி ஊரையும், கடலையும், மேலே குவித்திருந்த கற்களையும் காட்டினேன்.

"நல்லாத்தான் இருக்கு. மேல யாரு இருக்கா?" என்றார்.

"என்னோட வேல செய்யிறவங்க ரெண்டு பேர்."

"அது இல்ல. எந்தச் சாமி?"

"யாரும் இல்லம்மா."

"யாருமே இல்லாத மலைக்கா வாராவாரம் ஏறுற?" என்றார். கேலியாகச் சொன்னாரா, வருத்தமாகவா என்று முகத்தில் தெரியவில்லை, படம் உறைந்துபோயிருந்தது. ஹில்டே பின்னாலிருந்து அம்மாவுக்குக் கையசைத்துக்கொண்டிருந்தார். உறைந்த அம்மா பதிலுக்குக் கையசைக்கவில்லை.

இன்றைய நிலை இது: இந்த வருடப் பருவம் மூடிவிட்டது. அடுத்தது மார்கழியில் திறக்கும். அலுவலகத்தில் விடுமுறைப் படிவம் நிரப்பியிருக்கிறேன், இன்னும் கொடுக்கவில்லை. முடிச்சு ஆணியில் இருக்கிறது. அம்மா கவிச்சி சாப்பிடுகிறார். நான் தேதி சொல்லவில்லை.